குறுக்கெழுத்தும் நம் தலையெழுத்தும்

சென்ற மாதத்தில் ஒரு நாள், கண்டியிலே நீதிமன்றத் தாழ்வாரத்தில் ஒரு வழக்கு நடைபெற்றது. அதற்கு வழக்கிலக்கம் இல்லை. வாதி ஒரு கமக்காரர், பிரதிவாதி நான். வழக்குப் பொருள் ஒரே ஓர் எழுத்து. தீர்ப்பு எனக்கு எதிராகவே முடிந்தது. அத்தீர்ப்பை ஏற்றுக்கொண்டதோடு அமையாது, அதனை ஊரறியச் சொல்லுதலும் என் கடமை என்று கருதியே இதனை எழுதுகின்றேன்.

கலஹாப் பக்கத்திலே மரக்கறி பயிரிடும் பெரியவர் ஒருவர், தம் அலுவலாக என்னைக் காண வந்திருந்தார். எங்கள் முறை வரும்வரை காத்திருக்க நேர்ந்தது. என் கையிலே ஒரு தமிழ் நாளேடு. அதன் குறுக்கெழுத்துக் கட்டங்களை நிரப்பிக்கொண்டிருந்தேன். "மலையகம் உலகுக்கு ஊட்டும் பானம்" என்பது இடமிருந்து வலமாகச் செல்லும் ஒரு குறிப்பு, கட்டங்கள் மூன்று. சிறிதும் தயங்காமல் 'தேனீர்' என்று எழுதினேன். பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் மெல்லக் கனைத்தார்.

"ஐயா, நடு எழுத்துப் பிழைபோலத் தெரிகிறது."

"ஏன் பெரியவர்? கடைப் பலகைகளிலெல்லாம் அப்படித்தானே எழுதியிருக்கிறார்கள்?"

"கடைக்காரர் எப்படியும் எழுதட்டும், ஐயா. அந்த நடுக்கட்டத்திலிருந்து கீழே ஒரு சொல் இறங்குகிறதே. 'னீ' என்று தொடங்கும் சொல் தமிழிலே உண்டோ?"

மேலிருந்து கீழாகச் செல்லும் குறிப்பைப் பார்த்தேன். "வழக்கு விளங்குபவர், நான்கு எழுத்து" என்றிருந்தது. விடை 'நீதவான்'. நாள்தோறும் நீதவான் முன் நிற்கும் எனக்கு அந்த நீதவானே பாடம் கற்பித்துவிட்டார்! தே என்பதனோடு நீர் சேர்ந்தால் தேநீர். தேன் என்பதனோடு நீர் சேர்ந்தால்தான் தேனீர். அது தேன் கலந்த நீரே அன்றித் தேயிலைச் சாறு ஆகாது. சீனத்தின் தென்கிழக்குக் கரையோரத்து மக்களின் வழக்கிலிருந்து புறப்பட்ட 'தே' என்னும் ஓசை, கடல் கடந்து பல மொழிகளிற் புகுந்து, நம் மொழியில் தேயிலையாகவும் தேநீராகவும் நிலைத்தது. 1867ஆம் ஆண்டிலே ஜேம்ஸ் டெயிலர் என்பார் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். அந்த லூல்கந்துரை இருப்பது இந்தக் கண்டி மாவட்டத்திலேதான். தேயிலையின் நாட்டிலே வாழ்ந்துகொண்டு, தேநீரைத் தேனீர் ஆக்கினேன். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவர் என்னைத் திருத்தினார்.

ஓர் எழுத்தின் விலை

"பெரியவருக்கு எழுத்திலே இத்துணை அக்கறை எங்ஙனம் வந்தது?" என்று கேட்டேன். அவர் மறுமொழி கூறவில்லை. மடியிலிருந்த உறையைத் திறந்து இரண்டு பத்திரங்களை எடுத்து நீட்டினார். ஒன்றிலே அவருடைய தாயாரின் பெயரில் 'ள்ளி' என்றிருந்தது. மற்றொன்றிலே அவ்விடத்தில் 'ல்லி' என்றிருந்தது. ஒரே தாய், ஒரே பிள்ளை; ஏட்டின் கணக்கிலோ இரண்டு தாய்மார்! அவர் என்னைத் தேடி வந்த அலுவலும் அதுவே.

இஃது ஒருவருடைய கதையன்று. மலையகத்திலே வழக்கறிஞர் தொழில் செய்யும் எவரும் அறிந்த கதை. தோட்டத்திலே பிறந்த பிள்ளையின் பெயரைத் தமிழறியாத ஒருவர் காதாற் கேட்டு, ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ பதிந்தார். பின்னர் அதனை வேறொருவர் மீண்டும் தமிழுக்குக் கொணர்ந்தார். ஆங்கிலத்திலே லகரம், ளகரம், ழகரம் ஆகிய மூன்றுக்கும் ஓர் எழுத்தே உண்டு. சிங்களத்திலே ழகரம் இல்லை. ஆகவே, போகும்போது ஒருவராய்ப் போன பெயர், திரும்பும்போது வேறொருவராய்த் திரும்பிற்று. பள்ளிச் சேர்க்கை, அடையாள அட்டை, ஊழியர் சேமலாப நிதி, காணி உறுதி என்று ஒவ்வொரு வாயிலிலும் அந்த ஓர் எழுத்துக் குறுக்கே நிற்கின்றது.

இந்நாட்டிலே ஏட்டுச் சான்றின் அருமையை மலையகத் தமிழனைக் காட்டிலும் அறிந்தார் எவர்? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், இங்கே பிறந்தவனை நோக்கி, "உன் தந்தை இங்கே பிறந்தாரா? அன்றேல் உன் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்களா?" என்று கேட்டது. வியர்வை சிந்தியதற்கு மலை சான்று கூறும். பிறந்ததற்கோ கடதாசிதான் சான்று கூற வேண்டும். அக்கடதாசி இல்லாமையால் இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டின் ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கையாக்கிப் பங்கிட்டது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்தபின்னரே எஞ்சிய கணக்கு ஒருவாறு தீர்ந்தது. இந்த வரலாற்றை உடைய மக்கள் எழுத்துப் பிழையைச் சிறு பிழையென்று எண்ணலாகுமா?

"இத்துணைப் பெரிய துயரத்துக்கும் நாளேட்டின் பொழுதுபோக்குக்கும் என்ன தொடர்பு?" என்று அன்பர்கள் வினவக்கூடும். தொடர்பு உண்டு. எழுத்தைக் காவல் செய்யும் பழக்கம் சட்டத்தால் வருவதன்று. நாள்தோறும் செய்யும் பயிற்சியால் வருவது. கட்டாயமில்லாமல், கட்டணமில்லாமல், காலைத் தேநீரோடு அப்பயிற்சியைத் தரவல்லது குறுக்கெழுத்துக் கட்டம். ஆயினும், அதனை நாம் முறையாகச் செய்யவில்லை என்பதே என் குற்றச்சாட்டு.

இருபத்தாறும் இருநூற்று நாற்பத்தேழும்

குறுக்கெழுத்துப் புதிர் மேனாட்டிலே பிறந்தது. லிவர்பூலிற் பிறந்த ஆர்தர் வின் என்பவர் அமைத்த முதற் புதிர், 1913ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் திகதி 'நியூயோர்க் வேர்ல்ட்' ஏட்டில் வெளியாயிற்று. இலண்டன் 'டைம்ஸ்' முதலில் இதனை ஒதுக்கிவைத்து, பின்னர் 1930ஆம் ஆண்டு பெப்ரவரித் திங்களில் இடங்கொடுத்தது. 1942ஆம் ஆண்டு சனவரியில், போரின் நடுவே, இலண்டன் 'டெலிகிராப்' ஏடு ஒரு போட்டி வைத்தது. புதிரைப் பன்னிரண்டு நிமிடத்துக்குள் முடித்தவர் ஐவர். அவருள் ஒருவர் ஒரு சொல்லிற் செய்த எழுத்துப் பிழையினால் விலக்கப்பட்டார். பங்குபற்றியவருட் சிலரைப் போர் அமைச்சகம் பின்னர் அழைத்துப் பகைவரின் மறைமொழியை அவிழ்க்கும் பணியில் அமர்த்தியது. விளையாட்டென்று எண்ணியது நாட்டின் காவலுக்குப் பயன்பட்டது.

ஆயின், ஆங்கிலக் கட்டத்தை அப்படியே பெயர்த்துத் தமிழ் மண்ணில் நடுதல் இயலாது. அங்கே எழுத்து இருபத்தாறு. இங்கே உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. அங்கே ஒரு கட்டத்தில் 'எல்' என்னும் எழுத்து நின்றால் போதும். இங்கே ல, லா, லி, லீ என்று வரிசை நீள்வதோடு, ளகரமும் ழகரமும் தத்தம் வரிசையோடு வந்து நிற்கின்றன. ஆகவே, இரண்டு தமிழ்ச் சொற்கள் ஒரு கட்டத்திற் சந்திப்பது அரிது. சந்தித்துவிட்டாலோ, அச்சந்திப்பு ஒரு சாட்சியத்துக்கு நிகர்.

மேலும், தமிழ் எழுத்துக்குத் தனிச்சட்டம் உண்டு. எந்த எழுத்துச் சொல்லுக்கு முதலாகும், எந்த எழுத்து இறுதியாகும் என்பதைத் தொல்காப்பியமும் நன்னூலும் வகுத்துள்ளன. புள்ளி பெற்ற மெய் சொல்லுக்கு முதலாகாது. வல்லின மெய் ஆறும் தமிழ்ச் சொல்லுக்கு இறுதியாகா. னகரமும் ணகரமும் றகரமும் முதலில் நில்லா. இவ்விதிகளை நாம் பள்ளியில் நெட்டுருச் செய்து பரீட்சையோடு மறந்தோம். கட்டத்தை நிரப்புபவனுக்கோ அவை உழவனுக்குக் கலப்பைபோல நாள்தோறும் பயன்படுகின்றன. பெரியவர் என்னை வென்றது எதனால்? இலக்கண நூலைக் கண்டிராத அவர், அந்நூலின் விதியைக் கட்டத்திலிருந்து கற்றிருந்தமையால்.

சூதா, திறமையா?

இனி நம் ஏடுகளின் கட்டங்களைச் சற்றே குறுக்கு விசாரணை செய்வோம். அண்மையிற் கண்ட ஒரு புதிரிலே, "மரத்தில் உள்ளது, இரண்டு எழுத்து" என்றொரு குறிப்பு. இலை இரண்டெழுத்து, கிளை இரண்டெழுத்து, வேர், காய், கனி யாவும் இரண்டெழுத்து. குறுக்கே செல்லும் சொல் ஏதேனும் ஓர் எழுத்தைத் தந்ததா எனின், அதுவும் இல்லை. மறுவாரம் 'கனி' என்று விடை வந்தது. ஏன் கனி? ஏன் வேர் ஆகாது? காரணம் கூறுவார் இல்லை. இரண்டாம் கட்டத்திலே குறுக்குச் சொல்லொன்று 'ளை' என்று காட்டியிருப்பின், கிளை ஒன்றே விடையென நாமே தெளிந்திருப்போம். அவ்வாறு தெளிய வழியில்லாதபோது, அது புதிர் அன்று, ஆரூடம்.

இந்த வேறுபாட்டை நீதிமன்றங்களும் கண்டிருக்கின்றன. 1930களில் தமிழகத்தில் ஆனந்த விகடன் குறுக்கெழுத்துப் போட்டிகளை நடத்தியது. வாசகர் கூட்டம் கூட்டமாய்ப் பங்குபற்றினர். பின்னர், இந்தியாவெங்கும் பரிசுப் போட்டிகள் பெருகிப் பெருந்தொழிலாயின. பொருத்தமான இரு சொற்களுள் ஒன்றை அமைப்பாளர் முன்னரே உறையிலிட்டு முத்திரை வைப்பார். அவ்வுறைக்கு ஒத்ததே சரியான விடை. நுழைவுக் கட்டணம் செலுத்தியவர் குருட்டடியாக எழுதி அனுப்புவார். 1955ஆம் ஆண்டிலே இந்திய நாடாளுமன்றம் பரிசுப் போட்டிகள் சட்டத்தை இயற்றி, மாதமொன்றுக்கு ஆயிரம் ரூபாவுக்கு மேற்பட்ட பரிசைத் தடுத்தது. ஒரு போட்டிக்கு வரும் விடைத்தாள் இரண்டாயிரத்துக்கு மேற்படலாகாதென்றும் விதித்தது. சமர்பாக்வாலா வழக்குகளிலே, 1957ஆம் ஆண்டில், இந்திய உச்ச நீதிமன்றம் நடுநிலையான கோடொன்றைக் கிழித்தது. வாய்ப்பை நம்பிய போட்டி சூதாகும். சூது வணிகமென்னும் பாதுகாப்பைக் கோரலாகாது. பெருமளவு திறமையினால் வெற்றி கிட்டும் போட்டியோ அச்சட்டத்தின் கட்டுக்குள் வாராது.

இத்தீர்ப்பை அளவுகோலாகக் கொண்டு நம் ஏடுகளின் புதிர்களை அளந்து பாருங்கள். ஒரே விடையை உடையது, அவ்விடையைக் காரணங்காட்டி மெய்ப்பிக்கத்தக்கது எனின், அது திறமை. பல விடைகளுக்கு இடங்கொடுத்து, ஆசிரியரின் மேசைப் பெட்டிக்குள் இருப்பதே விடையெனின், பரிசு நூறு ரூபாவே ஆயினும் அது சூதின் சாயலை உடையது. அதனால் வாசகன் இழப்பது காசையன்று. சொல்லுக்குப் பொருள் ஒன்று உண்டு, அதனை ஆராய்ந்து காணலாம் என்னும் நம்பிக்கையை இழக்கின்றான். காரணங்கூறாத் தீர்ப்பைப் பணிந்து ஏற்கும் பழக்கம், கட்டத்திலே தொடங்கிக் கச்சேரிவரை செல்லும்.

தமிழுக்குப் புதிதன்று

படித்த இளைஞருட் சிலர் ஆங்கில ஏட்டின் புதிரை அவிழ்ப்பதிலே பெருமை கொள்கின்றனர். அதனை நான் குறைகூறேன். மருத்துவரும் பொறியியலாளரும் மூளைக்கு வேலை கொடுப்பது நன்றே. "தமிழிலே அத்தகைய நுட்பம் வாராது" என்று அவர்கள் கூறுவதைத்தான் மறுக்கின்றேன்.

எழுத்தைக் கட்டத்தில் அடைத்து விளையாடுதல் தமிழ்ப் புலவர்க்குப் பழந்தொழில். தண்டியலங்காரம் கூறும் சித்திரகவிகளை நோக்குங்கள். மாலைமாற்று, முன்னிருந்து படிப்பினும் பின்னிருந்து படிப்பினும் ஒன்றேயாவது. திருஞானசம்பந்தர் அவ்வகையிலே ஒரு பதிகமே பாடியிருக்கின்றார். சுழிகுளம், வரிக்கு எட்டெழுத்தாக நான்கு வரியில் எழுதப்பெற்று, நேரே படிப்பினும் சுழன்று உள்ளே செல்லினும் அதே செய்யுளாவது. அக்கரச்சுதகம், ஒரு சொல்லின் எழுத்தைக் குறைத்துக் குறைத்து வேறு சொற்களைப் பெறுவது. இன்று ஆங்கிலப் புதிரிலே எழுத்தை நீக்கிச் சொல் காண்பதைக் கண்டு வியக்கின்றோமே, அதே நுட்பம் நம் அணியிலக்கணத்திலே பெயர் பெற்றிருக்கின்றது. சிலேடைக்கோ காளமேகம் ஒருவரே போதும்.

வாய்ப்பேச்சாக ஒழியாமல் நானே இரண்டு குறிப்புகளை அமைத்துப் பார்த்தேன். "குதிரைக்கு விலங்கிட்டால் கண்டிக்கு வடக்கே ஓர் ஊர்; நான்கு எழுத்து." மா என்பது குதிரை, தளை என்பது விலங்கு, இரண்டும் புணர விடை மாத்தளை. "தாமரையில் ஓரெழுத்தைக் கிள்ளினால் உழவுத் தொழில், மூன்று எழுத்து." கமலத்தில் லகரத்தைக் கிள்ளினால் கமம். இவற்றைப் பெரியவரிடம் கூறினேன். முன்னதற்குச் சிறிது யோசித்தார். பின்னதை நான் சொல்லி முடிக்குமுன்னே கூறிவிட்டார். கமக்காரனுக்குக் கமத்தை ஒளித்துவைக்க முடியுமா?

எவருடைய தமிழ்?

இன்னொரு குறை. நம் கட்டங்களிலே வாழும் தமிழ் யாருடைய தமிழ்? வெண்டிரையின் நடிகை பெயர் வருகின்றது. சென்னைத் தெருவின் பெயர் வருகின்றது. கவ்வாத்து வருவதில்லை, கொழுந்து வருவதில்லை, பெரட்டும் லயமும் பீலியும் வருவதில்லை. தேயிலைச் செடியை வெட்டிச் சீராக்குதலைக் கவ்வாத்து என்னும் ஒரு சொல்லால் இந்த மலைகளிலே தலைமுறை தலைமுறையாகக் கூறுகின்றனர். வடக்கிலே துலாவும் கிழக்கிலே பொலியும் அவ்வாறே. இச்சொற்களை வழங்கும் மக்கள் நாளேட்டைக் காசு கொடுத்து வாங்குகின்றனர். அவர்களுடைய சொல்லுக்கு மாத்திரம் அங்கே குடியுரிமை இல்லை! கொழும்பிலுள்ள இளம் கணக்காளர் கவ்வாத்து என்பதைக் கட்டத்தில் நிரப்பும்பொருட்டுத் தம் அலுவலகத் தோழரைக் கேட்கட்டும். அத்தோழர் தம் பாட்டியைக் கேட்கட்டும். ஒரு சொல் அவ்வாறு மூன்று வீடு செல்லுமாயின், அது பிழைத்துக்கொள்ளும்.

"இன்று கைப்பேசியே எழுத்தைத் திருத்தித் தருகின்றதே, இவ்வுழைப்பு எதற்கு?" எனலாம். கைப்பேசி அதிகமானோர் எழுதியதையே எடுத்து நீட்டும். அதிகமானோர் தேனீர் என்று எழுதினால் அதுவும் அதனையே நீட்டும். தாயின் பெயரில் ளகரமா லகரமா என்பதை அது எங்ஙனம் அறியும்? அதனை அறிய வேண்டியவர் பிள்ளையே.

செய்ய வேண்டியவை

ஆதலின், நம் தமிழ் நாளேடுகளை நான்கு வேண்டுகோள்களோடு அணுகுகின்றேன்.

முதலாவது, புதிருக்கு ஒரே விடை இருத்தல் வேண்டும். குறிப்பாலும் குறுக்கெழுத்தாலும் அதனை மெய்ப்பிக்க வாசகனுக்கு வழி இருத்தல் வேண்டும்.

இரண்டாவது, விடையை வெளியிடும்போது காரணத்தையும் வெளியிடுதல் வேண்டும். "தேநீர்: தே, நீர். தேன் அன்று" என்று ஒரு வரி போதும். பிழை நேர்ந்தால் அதனை ஒப்புக்கொண்டு திருத்துதல் வேண்டும்.

மூன்றாவது, எழுத்து வழக்கை முன்கூட்டியே அறிவித்தல் வேண்டும். 'இரயில்' என்று நான்கு கட்டமா, 'ரயில்' என்று மூன்று கட்டமா என்பதில் எது கொள்ளப்படினும் குற்றமில்லை. வாரத்துக்கு ஒன்றாக மாறுவதே குற்றம்.

நான்காவது, ஒவ்வொரு புதிரிலும் இந்நாட்டுத் தமிழ் மக்கள் வழங்கும் தொழிற்சொல்லும் ஊர்ப்பெயரும் சிலவேனும் இடம்பெறுதல் வேண்டும்.

வாசகர்க்கும் ஒரு கடமை உண்டு. விடை பிழையெனக் கண்டால் மனத்துக்குள் முணுமுணுத்து ஏட்டை மடித்து வையாதீர்கள், ஆசிரியருக்கு எழுதுங்கள். கட்டத்திலே உள்ள பிழைக்குக் கேள்வி கேட்பவரே பெயர்ப்பலகையிலும் அரசாங்கப் படிவத்திலும் உள்ள பிழைக்குக் கேள்வி கேட்பார். 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மட்டுமே அரசகரும மொழியாக்கியது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியென்றது. மூன்று தசாப்தங்களுக்கு மேலான அந்த இடைவெளியை எத்துணைப் போராட்டத்தால் நிரப்பினோம்! அங்ஙனம் பெற்ற இடத்திலே பிழையான தமிழை எழுதிவைத்தாலும் பார்த்துக்கொண்டு நடந்து போவோமாயின், பெற்றும் பெறாதவரே ஆவோம். உரிமையைச் சட்டம் தரும். எழுத்தை நாமே காக்க வேண்டும்.

அன்று மாலை, பெரியவருக்கு வேண்டிய சத்தியக்கடதாசியைத் தட்டெழுத்திற் பதிப்பித்துக் கையொப்பத்துக்காக நீட்டினேன். அவர் உடனே ஒப்பமிடவில்லை. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தாயாரின் பெயரின்மேல் விரலை வைத்து, எழுத்தெழுத்தாக, கட்டங்கட்டமாக நகர்த்தினார். 'ள்ளி' வந்த இடத்தில் விரல் நின்றது. பின்னர்த் தலையசைத்து ஒப்பமிட்டார்.

"ஐயா, இந்தக் கட்டம் இப்போது சரியாக நிரம்பிவிட்டது" என்றார்.

அந்த விரலின் கவனம் நம் ஒவ்வொருவர் வீட்டிலும் வேண்டும். அது வருமாயின், குறுக்கெழுத்து நம் தலையெழுத்தையும் திருத்தும்.